ஹை-ஃபைக்கு ஒரு ஸ்ட்ரீமர்: வாங்குவதற்கு முன்பும், வாங்கிய மாலையும்

கூடத்தில் நிதானமாக ஒரு பைரவி ஆலாபனை ஏறிக்கொண்டிருந்தது. பாடகர் மேல் ஷட்ஜத்தைத் தொட்டு நின்ற நொடியில் என் இரண்டு ஸ்பீக்கர்களும் சேர்ந்து கைபேசி மணியை அடித்தன. இடுப்பு உயரப் பெட்டிகள் அவை. தெருமுனையில் நின்றுகொண்டு கூரியர்காரர் வழி கேட்கிறார். உள்ளறையில் கண்ணயர்ந்திருந்த அம்மா பதறி எழுந்து வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்ற முகத்தோடு வாசலைப் பார்த்தார்.

கைபேசியிலிருந்து புளூடூத்தில் பாட்டு அனுப்பிக் கேட்ட காலம் எனக்கு அன்றோடு முடிந்தது. மறுநாளே, வலையிலிருந்து தானே பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் ஸ்ட்ரீமர் ஒன்றைத் தேட உட்கார்ந்தேன். ஆனால் தேடத் தொடங்கிய இடமே தவறு. எந்தப் பெட்டிக்குள் எந்த டாக் (எண்களை மின் அலையாக மாற்றும்) சிப் இருக்கிறது, எதன் சிக்னல்-இரைச்சல் விகிதம் இரண்டு டெசிபல் அதிகம் என்று அட்டவணை போட்டே மூன்று வாரம் போனது. அப்படிப் பார்த்துப் பார்த்து வாங்கிய பெட்டியின் செயலியை இரண்டே ஆண்டில் நிறுவனம் கைவிட்டுவிட்டது. சிப் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அதனிடம் பாட்டுக் கேட்கத்தான் வழியில்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் பெட்டியின் பெயர்கள் கடைசிக்கு முந்தைய படியில்தான் வரும். அதற்கு முன் ஆறு படிகள் இருக்கின்றன. அவற்றில் உங்கள் வீட்டையும் உங்கள் பாட்டுகளையும் பார்த்துவிட்டால் பெட்டி ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும்.

முதல் படி: உண்மையிலேயே வேண்டுமா?

ஸ்ட்ரீமர் என்பது ஒரு சிறு கணினி. இணையத்திலிருந்தோ வீட்டுக்குள் இருக்கும் வன்தட்டிலிருந்தோ இசைக்கோப்பைத் தானே இழுத்து, அவிழ்த்து, ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. எண்களை மின் அலையாக மாற்றும் டாக் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். வெளியே தனியாகவும் வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சிறு கணினி உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கலாம். கடந்த சில ஆண்டுகளில் வாங்கிய டெனான், மராண்ட்ஸ் ரிசீவர் என்றால் உள்ளே பெரும்பாலும் ஹியோஸ் என்ற ஸ்ட்ரீமிங் வசதி இருக்கும். யமஹா என்றால் மியூசிக்காஸ்ட். மாதக்கணக்கில் அதைத் திறந்தே பார்க்காதவர்கள் பலரை எனக்குத் தெரியும். முதலில் ரிசீவரை வைஃபையில் சேர்த்து ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். குறை எதுவும் தோன்றாவிட்டால் பணம் மிச்சம்.

பழைய ஸ்டீரியோ ஆம்ப், நல்ல ஸ்பீக்கர்கள், வலையோடு எந்தத் தொடர்பும் இல்லை என்றால் தனி ஸ்ட்ரீமர் உங்களுக்குத்தான். ஆம்ப்பின் ஆயுள் 20, 30 ஆண்டு. வலையோடு பேசும் மென்பொருளின் ஆயுள் அதில் பாதிகூட இல்லை. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து வாங்கினால் ஒன்று போகும்போது இன்னொன்றும் பாதி போனதுபோல் ஆகிவிடும். தனிப்பெட்டியை நான் பரிந்துரைப்பதற்கு ஒலித்தரத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

இரண்டாம் படி: உங்கள் பாட்டு எங்கே இருக்கிறது?

ஒரு தாளில் எழுதுங்கள். கடந்த ஒரு மாதத்தில் எதில் பாட்டுக் கேட்டீர்கள்? ஸ்பாட்டிஃபையா, ஆப்பிள் மியூசிக்கா, யூடியூபா, குறுந்தகடா? கேட்க ஆசைப்படுவதை எழுத வேண்டாம், கேட்டதை எழுதுங்கள். இந்தத் தாள்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்யப்போகிறது.

ஸ்பாட்டிஃபை என்றால் கவலை குறைவு. ஸ்பாட்டிஃபை செயலியிலிருந்தே பெட்டியைப் பாடச் சொல்லும் ஸ்பாட்டிஃபை கனெக்ட் வசதி இல்லாத ஸ்ட்ரீமரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பல ஆண்டுகளாக நொடிக்கு 320 கிலோபிட் என்ற அளவிலேயே நின்றிருந்த ஸ்பாட்டிஃபை, 2025 செப்டம்பரில் இழப்பில்லாத ஒலியை, அதாவது 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஃபிளாக் கோப்புகளைத் தரத் தொடங்கியது. எந்தக் கட்டணத் திட்டத்தில் அது கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. நீங்கள் பார்க்கும் ஸ்ட்ரீமர் அந்த இழப்பில்லாத ஒலியை வாங்கிக்கொள்ளுமா என்பதும் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலேயே கூடுதல் கட்டணமில்லாமல் இழப்பில்லாத ஒலிக்கு மாறிவிட்டது. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை உண்டு. ஆனால் பெரும்பாலான ஸ்ட்ரீமர்களுக்குள் ஆப்பிள் மியூசிக் நேரடியாக வருவதில்லை. ஐபோனிலிருந்து, வைஃபை வழியாக ஒலியை அனுப்பும் ஆப்பிளின் ஏர்பிளேயில்தான் அனுப்ப வேண்டும். அந்த வழியில் அதிகபட்சம் குறுந்தகட்டுத் தரம்தான் வந்து சேரும். எனக்கு அது போதும். போதாது என்பவர்கள் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் ஓடும் ஸ்ட்ரீமர் பக்கம் போக வேண்டும். அதில் ஆப்பிளின் செயலியையே நிறுவிக்கொள்ளலாம்.

வெளிநாட்டு விமர்சனங்களில் டைடல், கோபஸ் என்ற இரண்டு இசைச் சேவைகளின் பெயர்கள் பத்திக்குப் பத்தி வரும். டைடல் 2014-இலும் பிரெஞ்சு நிறுவனமான கோபஸ் 2007-இலும் தொடங்கியவை. தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கனடாவிலோ பிரான்ஸிலோ சிங்கப்பூரிலோ இருந்து இதைப் படிப்பவர்கள், தங்கள் நாட்டில் இரண்டில் எது கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள், தங்கள் முகவரிக்கு நேரடியாகச் சந்தா எடுக்க முடியாத ஒரு சேவைக்காக ஒரு பெட்டிக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். கடைக்காரர் அதைத்தான் முதல் சிறப்பம்சமாகச் சொல்வார்.

அடுத்தது யூடியூப். விமர்சகர்கள் இதைப் பற்றிப் பேசவே கூச்சப்படுகிறார்கள். நாமோ பாதி இசையை அதில்தான் கேட்கிறோம். பழைய சபா கச்சேரிகள், வானொலியிலிருந்து பதிவு செய்தவை, வேறெங்கும் வெளிவராத நாதஸ்வர ஒலிநாடாக்கள் எல்லாம் யாரோ ஒருவர் புண்ணியத்தில் அங்கேதான் இருக்கின்றன. யூடியூப் மியூசிக் செயலியிலிருந்து கூகுள் காஸ்ட் வழியாக ஸ்ட்ரீமருக்கு அனுப்பலாம். ஆனால் வழக்கமான யூடியூப் காணொளிச் செயலி, ஒலி மட்டும் உள்ள காஸ்ட் கருவிகளைத் தன் பட்டியலில் காட்டுவதில்லை. இதை அறியாமல் வாங்கிவிட்டு, "பெட்டி பழுது" என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. இதற்குச் சுலபமான வழி, கச்சேரியைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு, தொலைக்காட்சியின் ஒலியை ஆப்டிகல் வயர் அல்லது எச்.டி.எம்.ஐ. ஆர்க் (தொலைக்காட்சியின் ஒலியை வெளியே தரும் எச்.டி.எம்.ஐ. துளை) மூலம் ஸ்ட்ரீமருக்குக் கொண்டுவருவது. உங்கள் தாளில் யூடியூப் மேலே இருந்தால் இந்த உள்ளீடு உள்ள பெட்டியைத்தான் பார்க்க வேண்டும். எல்லா ஸ்ட்ரீமரிலும் இது இருக்காது.

கடைசியாக, அலமாரியில் இருக்கும் குறுந்தகடுகள். ஒரு மணி நேரக் குறுந்தகட்டைக் கணினியில் ஃபிளாக் கோப்பாக மாற்றினால் சுமார் 300 முதல் 400 மெகாபைட் வரும். 300 குறுந்தகடுகள் என்றாலும் 120 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும், சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்று போதும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருள், எடுத்த கோப்பை உலகில் மற்றவர்கள் எடுத்ததோடு ஒப்பிட்டுப் பிழை இருந்தால் சொல்லிவிடும்.

மாற்றுவது எளிது, பெயர் எழுதுவதுதான் வேலை. என்னிடம் இருக்கும் தோடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் ஆங்கிலத்தில் டி, ஓ, டி, ஐ என்று எழுதியிருக்கிறது. இன்னொன்று முதல் எழுத்துக்குப் பின் ஓர் எச் சேர்த்திருக்கிறது. மூன்றாவது, இரண்டு டி-க்குப் பின்னும் எச் போட்டிருக்கிறது. நான்காவது ஹனுமத்தோடி என்கிறது. ஸ்ட்ரீமருக்கு இவை நான்கு தனித்தனி ராகங்கள். ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவந்தேன். பாடியவர், இயற்றியவர், ராகம் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டேன். ஆனால் ராகக் கட்டத்தைப் பெரும்பாலான செயலிகள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மினிம்சர்வர் என்ற மென்பொருளைக் கணினியிலோ வீட்டு வலையில் இணைந்த வன்தட்டான நாஸ் பெட்டியிலோ ஓடவிட்டால், நாமே உருவாக்கிய கட்டங்களைக் கொண்டு பட்டியலிட அது அனுமதிக்கும். இன்று "ராகம்" என்பதைத் தொட்டால் தோடி ஒன்றே ஒன்றாக வருகிறது. தமிழ் எழுத்தில் பெயர் வைப்பதாக இருந்தால் முதலில் நான்கு கோப்புகளில் மட்டும் செய்து பாருங்கள்: சில பெட்டிகளின் முகப்புத் திரையில் தமிழ் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும்.

மூன்றாம் படி: யார் இழுக்கிறார்கள், யார் தள்ளுகிறார்கள்?

பெட்டிக்கு வெளியே ஒட்டியிருக்கும் சின்னங்கள் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று தோன்றும். உண்மையில் அவற்றுக்குள் இரண்டு சாதிகள் உண்டு.

ஸ்பாட்டிஃபை கனெக்ட், டைடல் கனெக்ட், கூகுள் காஸ்ட் ஆகியவற்றில் கைபேசி வெறும் ரிமோட். "இந்தப் பாட்டைப் போடு" என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. பெட்டி தானே இணையத்துக்குப் போய் எடுத்துக்கொள்ளும். அழைப்பு வந்தாலும், கைபேசியை எடுத்துக்கொண்டு நீங்கள் கடைத்தெருவுக்கே போனாலும் வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். புளூடூத்திலும் ஏர்பிளேயிலும் கைபேசிதான் பாட்டைத் தள்ளுகிறது. கைபேசி வாசல் தாண்டினால் பாட்டு அறுந்துவிடும். புளூடூத் பெரும்பாலும் ஒலியைச் சுருக்கித்தான் அனுப்பும். பைரவி நடுவே மணி அடித்ததும் அதே வழியில்தான். ஏர்பிளே சுருக்காமல் அனுப்பக்கூடியது, ஆனால் அதுவும் தள்ளும் சாதிதான்.

உங்கள் தாளில் முதலிடத்தில் உள்ள சேவை, நீங்கள் பார்க்கும் பெட்டியில் இழுக்கும் வழியாக வருகிறதா? இல்லை என்றால் அந்தப் பெட்டியை விட்டுவிடலாம். வீட்டில் ஐபோன் ஒருவரிடமும் ஆண்ட்ராய்டு ஒருவரிடமும் இருந்தால் ஏர்பிளே, காஸ்ட் இரண்டும் வேண்டும். இல்லாவிட்டால் ஸ்ட்ரீமர் ஒருவருடைய சொத்தாகவே இருந்துவிடும்.

நான்காம் படி: ஆம்ப்பின் முதுகைப் பாருங்கள்

டார்ச் எடுத்துக்கொண்டு ஆம்ப்பின் பின்புறம் எட்டிப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. ஜோடி ஒன்று காலியாக இருந்தால் போதும். சி.டி., டேப், ஆக்ஸ் என்று எது எழுதியிருந்தாலும் சரி. ஃபோனோ மட்டும் கூடாது, அது இசைத்தட்டுக்கானது. அதில் செருகினால் காதைப் பிளக்கும் கரகரப்பு வரும்.

ஆம்ப்பில் டிஜிட்டல் உள்ளீடு, அதாவது கோஆக்சியல் அல்லது ஆப்டிகல் இருந்தால் அதற்குள் டாக் இருக்கிறது என்று பொருள். அப்போது ஸ்ட்ரீமருக்குள் விலையுயர்ந்த டாக் இருப்பதில் பயனில்லை. அதிலும் ரிசீவர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அனலாக்கில் கொடுத்தால் பல ரிசீவர்கள் அதை மறுபடி எண்ணாக மாற்றி, பிறகு மீண்டும் அலையாக மாற்றும். டிஜிட்டல் வயரிலேயே கொடுத்துவிடுங்கள். ஆப்டிகல் வயரில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை நம்பலாம். கோஆக்சியலில் 192 வரை போகும்.

டாக் சிப்பின் பெயரைப் பற்றி என் கருத்து எளியது. இன்றைக்கு ஓரளவு ஒழுங்கான எந்தப் பெட்டியிலும் உள்ள டாக்கின் இரைச்சல், மின்விசிறி ஓடும் நம் கூடத்தின் இரைச்சலுக்குப் பல மடங்கு கீழே இருக்கிறது. மொசைக் தரை, வெறுஞ்சுவர், திரைச்சீலை இல்லாத ஜன்னல் என்று இருக்கும் அறையில் மிருதங்கத்தின் தொப்பி குமுறுவதைச் சரிசெய்ய ஏ.கே.எம்., இ.எஸ்.எஸ். என்று எந்த நிறுவனத்தின் சிப்பாலும் முடியாது. அதைக் குறைப்பது, குறிப்பிட்ட சுருதிகளை மட்டும் ஏற்றி இறக்கும் பாராமெட்ரிக் ஈக்வலைசரும் அறை அளவீடும்தான். கைபேசி மைக்கில் அறையை அளந்து தாழ்ந்த சுருதிகளைத் தட்டையாக்கும் வசதி இப்போது மலிவான பெட்டிகளிலேயே வந்துவிட்டது. இரண்டு பெட்டிகளுக்கிடையே தவித்தால், சிப்பை விட்டுவிட்டு இந்த வசதி உள்ளதை எடுங்கள்.

இன்னும் ஒரு சிறு அளவு. ஸ்ட்ரீமர்கள் பொதுவாக 2 வோல்ட் வெளியே தரும். பழைய ஆம்ப்புகளுக்கு 0.2 வோல்ட் கிடைத்தாலே முழுச் சக்தி வந்துவிடும். விளைவு: வால்யூம் குமிழைத் தொட்டவுடன் வீடே அதிரும், மெதுவாகக் கேட்கும் இரவு நேரத்தில் குமிழின் முதல் கால் அங்குலத்தில் போராட வேண்டியிருக்கும். வெளியீட்டை 1 வோல்ட், அரை வோல்ட் என்று குறைக்கும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் ஸ்ட்ரீமரின் ஒலியளவைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளலாம். 24 பிட் டாக்கில் ஒவ்வொரு பிட்டுக்கும் சுமார் 6 டெசிபல். 20 டெசிபல் இறக்கினாலும் குறுந்தகட்டின் 16 பிட்டுக்கு மேல் இடம் மிச்சம் இருக்கும்.

ஐந்தாம் படி: மென்பொருளின் ஜாதகம்

எல்லோரும் தாண்டிப்போகும் படி இது. நான் பணம் இழந்ததும் இதில்தான்.

கூகுள் 2015-இல் குரோம்காஸ்ட் ஆடியோ என்று ஒரு சின்ன வட்டக் கருவியை விற்றது. மலிவானது, நன்றாகவும் பாடியது. 2019 தொடக்கத்தில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள், 2025 மார்ச் வரை. அந்த மாதத்தில் ஒரு நாள் உலகெங்கும் அந்தக் கருவிகள் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்தன. வன்பொருளில் பழுதே இல்லை. உள்ளே பதித்திருந்த ஒரு பாதுகாப்புச் சான்றிதழின் பத்தாண்டுக் கெடு முடிந்திருந்தது, அவ்வளவுதான். சில நாள்களில் கூகுள் சரிசெய்து கொடுத்தது. கொடுக்காமல் விட்டிருந்தால் நாம் செய்ய ஒன்றுமில்லை.

இதற்கு நேர்மாறான கதை ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற பழைய ஸ்ட்ரீமருடையது. ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கியது. 2006-இல் லாஜிடெக் வாங்கியது. 2012-இல் தயாரிப்பை நிறுத்தியது. 2024-இல் இணையச் சேவையையும் மூடிவிட்டது. ஆனாலும் அந்தப் பெட்டிகள் இன்றும் பாடுகின்றன. அதன் சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால், ஆர்வலர்கள் எடுத்து லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதலாளி கைவிட்ட குழந்தையை ஊர் எடுத்து வளர்க்கிறது.

வாங்கும் முன் நான் இப்போது செய்வது இதுதான்: நிறுவனத்தின் தளத்தில் மென்பொருள் மேம்படுத்தல் பக்கத்தைத் தேடி, கடைசியாக எப்போது வந்தது, ஆண்டுக்கு எத்தனை வருகிறது என்று பார்க்கிறேன். அதே நிறுவனத்தின் ஐந்தாறு ஆண்டுக்கு முந்தைய பெட்டிக்கு இப்போதும் மேம்படுத்தல் வருகிறதா என்பதுதான் உண்மையான சான்று. செயலியைக் கைபேசியில் இறக்கிப் பார்க்கிறேன். பெட்டி இல்லாமலே பல செயலிகள் திறக்கும், எழுத்து படிக்கிற அளவில் இருக்கிறதா என்றாவது தெரிந்துவிடும். கடைசியாக, செயலியே செத்துப்போனாலும் வீட்டு வலையில் கருவிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் டி.எல்.என்.ஏ. போன்ற பொது வழியில் பெட்டி பாடுமா என்று கேட்கிறேன். பாடும் என்றால் வீட்டில் இருக்கும் ஃபிளாக் கோப்புகளுக்கு அது எப்போதும் பயன்படும்.

"எதிர்காலத்துக்கும் தயார்" என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை நம்பவேண்டாம். எம்.க்யூ.ஏ. என்ற கோப்பு வகையை ஆதரிக்கிறது என்பதற்காகவே அதிகப் பணம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அந்த நிறுவனம் 2023-இல் திவால் நடவடிக்கைக்குப் போனது; 2024 ஜூலையில் டைடலும் அதைக் கைவிட்டு ஃபிளாக்குக்குத் திரும்பிவிட்டது.

ஆறாம் படி: வைஃபை

குறுந்தகட்டுத் தர ஃபிளாக்குக்கு நொடிக்கு 1 மெகாபிட் போதும். மிக உயர்ந்த 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸுக்கும் 10 மெகாபிட் தாண்டாது. 30 மெகாபிட் ஃபைபர் இணைப்பே தாராளம். பாட்டு விட்டுவிட்டு வந்தால் பெரும்பாலும் குற்றவாளி இணைய வேகம் அல்ல. ரவுட்டருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே நிற்கும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். முடிந்தால் ஈதர்நெட் வயர் இழுத்துவிடுங்கள். சாதாரண கேட்-6 வயர் போதும். ஒலிக்காகவே செய்த ஈதர்நெட் வயர் என்று பல ஆயிரம் ரூபாய்க்கு விற்பவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

நம் வீடுகளில் அடிக்கடி நேரும் சிக்கல் வேறு. ஃபைபர்காரர் கொடுத்த பெட்டி ஒன்று, நாமாக வாங்கிய ரவுட்டர் ஒன்று என இரண்டு வைஃபை ஓடும். கைபேசி ஒன்றிலும் ஸ்ட்ரீமர் மற்றதிலும் சேர்ந்தால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே முடியாது. செயலி "கருவி எதுவும் இல்லை" என்று சாதிக்கும். ஒன்றின் வைஃபையை அணைத்துவிட்டால் தீர்ந்தது.

ஏழாம் படி: இனி பெட்டி

குறைந்த செலவில் பெரும்பாலோருக்கு விய்ம் புரோ போதும் என்பேன். 2022-இல் 149 டாலருக்கு வெளிவந்தது. ஏர்பிளே, காஸ்ட், ஸ்பாட்டிஃபை கனெக்ட் எல்லாம் உண்டு. தொலைக்காட்சிக்கான ஆப்டிகல் உள்ளீடும் உண்டு. மேம்படுத்தல்கள் விடாமல் வருகின்றன. பெட்டி பிளாஸ்டிக், திரை கிடையாது, வன்தட்டை நேரடியாகச் செருகவும் முடியாது. இவை வேண்டும் என்றால் 2024-இல் 329 டாலருக்கு வந்த விய்ம் அல்ட்ரா. தொடுதிரை, எச்.டி.எம்.ஐ. ஆர்க், இசைத்தட்டுக்கான ஃபோனோ உள்ளீடு எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் ஏர்பிளே இல்லை. விலை கூடும்போது வசதியும் கூடும் என்று நம்பி வாங்கிய ஐபோன்காரர்கள் ஏமாந்தது இங்கேதான்.

புளூசவுண்ட் நோட், கனடாவின் லென்புரூக் நிறுவனத்துடையது. வன்தட்டில் பெரிய தொகுப்பு வைத்திருப்பவர்களுக்கும், நான்கைந்து அறைகளில் ஒரே பாட்டு வேண்டும் என்பவர்களுக்கும் அதன் புளூஓஎஸ் செயலி வாகானது. இதில் நிலைமை தலைகீழ்: ஏர்பிளே உண்டு, காஸ்ட் இல்லை. கேம்பிரிட்ஜ் ஆடியோ எம்.எக்ஸ்.என்.10, 2023-இல் 499 டாலருக்கு வந்தது. ஏர்பிளே, காஸ்ட் இரண்டும் உண்டு. ஆனால் தொலைக்காட்சியைச் செருக இடமில்லை. ஆண்ட்ராய்டில் ஓடும் எவர்சோலோ டி.எம்.பி.-ஏ6 அதே ஆண்டு 859 டாலருக்கு வந்தது. ஆப்பிள் மியூசிக் செயலியை உள்ளேயே நிறுவலாம், எஸ்.எஸ்.டி.யை அடியில் பொருத்தலாம். இவையெல்லாம் அமெரிக்க அறிமுக விலைகள். இறக்குமதி வரி சேர்ந்து இங்கே வரும்போது ஏறும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கையில் வரவழைத்தால் விலை குறையலாம். உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சாலிடரிங் வாசனை பிடித்தவர்களுக்கு ராஸ்பெரி பை 4, அதன் மேல் ஹைஃபைபெரி டாக் பலகை, மூட் ஆடியோ என்ற இலவச மென்பொருள். வீட்டுக் கோப்புகளுக்கு இதைவிடச் சுதந்திரமான வழி இல்லை. ஆனால் பழுதானால் கூப்பிட ஆள் கிடையாது. அந்த ஆள் நீங்கள்தான். நான்தான் என்று தெரிந்தேதான் ஒன்று வைத்திருக்கிறேன்.

இதற்கு மேல் லட்சங்களில் போகும் பெட்டிகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் லின் 2007-இலேயே அப்படி ஒன்றைக் கொண்டுவந்து, 2009-இல் குறுந்தகட்டுக் கருவி தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. அழகான பொருள்கள். அந்தப் பணம் என்னிடம் இருந்தால் ஸ்பீக்கரை மாற்றுவேன்.

எட்டாம் படி: வாங்கிய மாலை

திருப்பித் தரும் கெடு ஓடத் தொடங்கிவிட்டது என்பதை மறக்காமல் அன்றே இவற்றைச் செய்யுங்கள்.

முதலில் ஆம்ப்பை அணைத்துவிட்டு வயரைச் செருகுங்கள். ஸ்ட்ரீமரில் "நிலையான வெளியீடு", அதாவது ஒலியளவு எப்போதும் முழுதாகவே இருக்கும் அமைப்பு இருந்தால் அதைத் தெரிந்து தொடுங்கள். தனிக் குமிழ் இல்லாத பவர் ஆம்ப்போடு அதை இயக்கினால் முழு ஒலியும் ஸ்பீக்கரில் பாயும்.

ராகம், தானம், பல்லவி தனித்தனித் தடங்களாக உள்ள ஒரு கச்சேரிப் பதிவைப் போடுங்கள். தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் தம்புரா அறுபடாமல் போகிறதா? அரை நொடி மௌனம் விழுந்தால் அந்தப் பெட்டிக்கு இடைவெளியில்லாமல் வாசிக்கத் தெரியவில்லை. இணையச் சேவையில் சரியாகவும் வன்தட்டிலிருந்து தவறாகவும் இருக்கலாம், இரண்டிலும் பாருங்கள். பிறகு நாற்பது நிமிடத் தடம் ஒன்றின் நடுவே தாவிப் பாருங்கள். சில பெட்டிகள் அதிலேயே திணறும்.

அடுத்து மின்தடைச் சோதனை. பாட்டு ஓடும்போது ரவுட்டர், ஸ்ட்ரீமர் இரண்டின் சுவிட்சையும் அணைத்து, ஒரு நிமிடம் கழித்து ஒன்றாகப் போடுங்கள். ரவுட்டர் எழுந்து உட்கார இரண்டு மூன்று நிமிடமாகும். அதுவரை காத்திருந்து தானே வலையைப் பிடித்துக்கொள்கிறதா, அல்லது சோர்ந்துபோய் நீங்கள் வந்து மறுபடி அணைத்துப் போடும்வரை ஊமையாக இருக்கிறதா? விமர்சனங்களில் இதைப் பற்றி ஒரு வரி நான் பார்த்ததில்லை. மின்சாரம் அடிக்கடி போய்வரும் தெருவில் இதுதான் பெட்டியின் குணத்தைச் சொல்லும்.

கடைசியாக, வீட்டில் செயலியே வைத்திராத ஒருவரிடம் ரிமோட்டைக் கொடுத்துப் பாருங்கள். பல பெட்டிகளில் எண் பொத்தான்களுக்கு ஒரு வானொலி நிலையத்தையோ பாட்டுத் தொகுப்பையோ ஒதுக்கி வைக்கலாம். கைபேசி இல்லாமல் ஒரே தொடுதலில் அது பாட வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்றாம் எண் விடியற்காலைச் சுப்ரபாதம், இரண்டாம் எண் பழைய திரைப்பாடல்கள். மற்ற பொத்தான்களோடு குழம்பிவிடக் கூடாது என்று அம்மா ஒன்றாம் எண்ணின் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருக்கிறார்.